950 டாலர் கதையை நம்பாதீர்கள் தம்பி

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எச்1பி வேலை விசா கிடைத்து, இன்னும் இரண்டு மாதத்தில் மனைவியோடும் நான்கு வயது மகளோடும் கலிபோர்னியாவின் பிரீமான்ட் நகருக்கு வருகிறாராம். டாலஸில் இருக்கும் சித்தப்பா சான் பிரான்சிஸ்கோ வீடியோக்களாக அனுப்பித் தள்ளுகிறாராம். நடைபாதை முழுக்கக் கூடாரம், கடையில் பை நிறைய அள்ளிக்கொண்டு நிதானமாக நடந்து போகிறவன், இப்படி. "950 டாலர் வரை திருடினால் கேஸே கிடையாதாமே, அண்ணா? குடும்பத்தோடு வரலாமா? பள்ளிக்கூடம், கோவில், வாடகை, அட்வான்ஸ் எல்லாம் எப்படி?"

பள்ளிக்கூடங்கள் நன்றாகவே இருக்கின்றன. கோவிலுக்கு லிவர்மோர் போகலாம். வாடகையைக் கேட்டால் முதல் நாள் தூக்கம் வராது, இரண்டு படுக்கையறை என்றால் 3,000 டாலரைத் தொடும். இவற்றையெல்லாம் இங்கே வந்தபின் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார், கேட்காமலே சொல்வார்.

எனக்குப் பயம் அந்த 950 டாலர் கதையில்தான்.

2014-இல் இந்த மாநில மக்கள் 47-ஆம் முன்மொழிவு என்ற ஒன்றுக்கு ஓட்டுப் போட்டார்கள். அதன்படி 950 டாலருக்கு உட்பட்ட கடைத்திருட்டு சிறு குற்றம். சிறு குற்றம் என்றால் குற்றமே இல்லை என்று அர்த்தமா? ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. திருட்டு பெருங்குற்றமாக மாறும் எல்லை உங்கள் சித்தப்பாவின் டெக்சாசில் 2,500 டாலர். அதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், வீடியோ வருவது கொஞ்ச நாள் நிற்கும்.

சட்டம் இருந்தும் பிடிப்பதும் வழக்குப் போடுவதும் மந்தமாக இருந்தது என்பது உண்மைதான், அதை மறைக்க மாட்டேன். ஒரே ஆள் பத்து முறை திருடினாலும் பத்தும் பெரும்பாலும் தனித்தனிச் சிறு குற்றமாகவே போனது. அந்தக் கோபத்தில்தான் 2024 நவம்பரில் 36-ஆம் முன்மொழிவு சுமார் 68 சதவீத ஓட்டில் ஜெயித்தது. ஏற்கெனவே இரண்டு முறை திருட்டுத் தண்டனை வாங்கியவன் மூன்றாவது முறை ஒரு சட்டையைத் திருடினாலும் இப்போது பெருங்குற்றமாக வழக்குப் போடலாம். கவர்னர் நியூசம் வேண்டாம் என்றார், மக்கள் கேட்கவில்லை. நானும் ஆதரவாகத்தான் ஓட்டுப் போட்டேன். இரண்டு முறை என் கார் கண்ணாடியை உடைத்திருக்கிறார்கள் (ஊர்ப் பெயர் வேண்டாம்). இரண்டு முறையும் போலீஸ் வரவில்லை, இணையத்தில் புகாரைப் பதிந்து நம்பர் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த நம்பரை வைத்து என்ன செய்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. காரில் பையை விடாதீர்கள். காலிப் பையைக்கூட விடாதீர்கள், உள்ளே எதுவும் இல்லை என்பது உடைக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

இதெல்லாம் குடியுரிமை இருக்கிறவர்களின் சண்டை. உங்களுக்கு வேறு கணக்கு. விசாவில் இருக்கும்போது திருட்டு வழக்கு ஒன்று வந்தால், அது ஐந்து டாலர் உதட்டுச் சாயமாக இருந்தாலும், அடுத்த விசா ஸ்டாம்பிங்கிலும் கிரீன் கார்டு நேரத்திலும் எதிரே வந்து நிற்கும். 2025 ஜூலையில் டெல்லியில் உள்ள அமெரிக்கத் தூதரகமே வெளிப்படையாக எச்சரித்தது: திருட்டோ தாக்குதலோ செய்தால் விசா ரத்தாகலாம், பிறகும் கிடைக்காமல் போகலாம் என்று. எனக்குத் தெரிந்த ஒருவரின் மாமியார், ஊரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நாமே பில் போட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்அவுட்டில் தள்ளுவண்டியின் அடித்தட்டில் இருந்த பொருளை ஸ்கேன் செய்ய மறந்துவிட்டார். மறந்தாரா, மிஷின் புரியவில்லையா, கடவுளுக்கே வெளிச்சம். வக்கீலுக்குக் கொடுத்த பணத்தில் அந்தக் குடும்பமே இரண்டு முறை ஊருக்குப் போய் வந்திருக்கலாம். அப்பா அம்மாவை அழைத்து வந்தால் ஆள் நிற்கும் கவுன்டருக்கே கூட்டிப் போங்கள். நேற்று வந்த பையன்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அப்புறம் கூடாரங்கள். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துக்குப் போனால் உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பக்கத்திலேயே இந்த விவாதமும் பரிமாறப்படும். "எல்லாம் சோம்பேறிகள், இலவசத்துக்காக வேறு மாநிலத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள்" என்பார் ஒருவர். வந்து நான்கு வருடம் ஆகியிருக்கும், வீடு வாங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும். சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தெருவுக்கு வந்தவர்களில் 90 சதவீதம் பேர் கடைசியாக வீட்டை இழந்தது இதே கலிபோர்னியாவில்தான். இழப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களில் அவர்களுடைய குடும்பத்தின் நடுமட்ட மாத வருமானம் 960 டாலர். உங்கள் வாடகையோடு அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போதை, மனநோய் எல்லாம் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் திருடுகிறவனையும் வாடகை கட்ட முடியாமல் போனவளையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டுப் பேசுவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

நீங்கள் வரப்போகும் பிரீமான்டிலேயே 2025 பிப்ரவரியில், பொது இடத்தில் கூடாரம் போட்டால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில் என்று நகரசபை சட்டம் போட்டது. அப்படிப் போடலாம் என்று 2024 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கிராண்ட்ஸ் பாஸ் என்ற ஆரிகன் மாநில ஊரின் வழக்கில், நீதிபதிகள் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் வழிவிட்டிருந்தது. பிரீமான்ட் ஒருபடி மேலே போய், கூடாரம் போட உதவுகிறவரும் குற்றவாளி என்று ஒரு வரி சேர்த்தது. சாப்பாடு கொடுக்கிறவர்கள் பதறிப்போனார்கள். மார்ச்சில் அந்த வரியை எடுத்தார்கள், தடை அப்படியே இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 36-க்கு ஓட்டுப் போட்டவனா இதைச் சொல்வது என்று என் மகளே கேட்டாள். திருடியதற்குத் தண்டனை கொடு, தூங்கியதற்கு எதற்கு என்றேன். சான் ஹோசேயில் கயோட்டி ஓடைக்கரையில் 'ஜங்கிள்' என்று ஒரு பெரிய கூடார முகாம் இருந்தது. 2014 டிசம்பரில் அதைக் காலி செய்தார்கள். ஓடைக்கு வேறு கரைகள் இல்லையா என்ன?

எனக்கு இதில் இவ்வளவு வாய் ஏன் என்றால், தம்பி, நானும் இரண்டு இரவு வீடில்லாமல் இருந்தவன்.

2001 ஜனவரியில் வந்தேன். இணையக் கம்பெனிகளின் டாட்காம் குமிழி உடைந்திருந்தது. கூட்டி வந்த கன்சல்டன்சி சன்னிவேலில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஆறு பேரைப் போட்டு 'பெஞ்ச்'சில், அதாவது ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை சும்மா, உட்கார வைத்தது. சம்பளம் கிடையாது. மே மாதம் வாடகை கட்டுவதையும் நிறுத்தினார்கள். ஒரு சனிக்கிழமை பூட்டு மாறியிருந்தது. வேலை போனால் இங்கே தங்க 60 நாள் வரை அவகாசம் என்கிறார்களே, அந்த விதி 2017-இல்தான் வந்தது. வீட்டுக்கு போன் பேசும்போது "ப்ராஜெக்ட் நல்லா போகுதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பகலில் பிரீமான்ட் குருத்வாராவில் சாப்பாடு. யார் என்று கேட்காமல் ரொட்டி போட்டார்கள், அந்தப் பருப்பின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இரவுக்கு 22-ஆம் நம்பர் பஸ். எல் கமினோ சாலை வழியாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரவெல்லாம் ஓடும். தெருவில் இருக்கிறவர்கள் அதில் ஏறித் தூங்குவார்கள், 'ஹோட்டல் 22' என்றே அதற்குப் பெயர். கடைசி நிறுத்தமான ஈஸ்ட்ரிட்ஜ் வந்ததும் எல்லாரையும் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். பக்கத்தில் காவலாளிச் சீருடையில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும். பகலில் ஏதோ அலுவலக வாசலில் வேலை. பை வாரைக் காலில் சுற்றிக்கொள், ஷூவைக் கழற்றாதே, பின்பக்கம் எஞ்சின் சூடு இருக்கும் அங்கே உட்கார் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காலையில் இறங்குவதற்கு முன் சட்டைக் காலரைத் தண்ணீர் தொட்டு நீவிக்கொண்டார், வேலைக்குப் போனார். மூன்றாம் நாள் திருச்சிக்காரர் ஒருவர் தன் வீட்டுச் சோபாவைக் கொடுத்தார், நான் பஸ்ஸுக்குப் போகவில்லை. பாட்லக்கில் யாராவது "வேலைக்குப் போகலாமே இவர்கள்" என்று ஆரம்பித்தால் எனக்கு அந்தக் காலர்தான் ஞாபகம் வரும், தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவேன்.

சரி, பயப்படாமல் குடும்பத்தோடு வாருங்கள். கூடாரத்தில் இருப்பவர்கள் உங்கள் மகளைப் பார்த்தால் கையசைப்பார்கள், அவ்வளவுதான். யாராவது தனக்குத்தானே கத்திக்கொண்டு வந்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்ளுங்கள், போனை நீட்டிப் படமெடுக்காதீர்கள். ஆறு மாத வாடகைக்கான பணம் கையில் சேரும்வரை கார் லோன் பக்கம் போகாதீர்கள். அட்வான்ஸ் கேட்டிருந்தீர்களே: பெங்களூர் மாதிரி பத்து மாதம் இல்லை. 2024 ஜூலையிலிருந்து ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஓரிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் தனி ஆள் என்றால் இரண்டு மாதம் வரை கேட்கலாம். நம்மூர்க்காரர் வீடாக இருந்தாலும் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.