ஈட்டனா கோபேரா: பிளாக் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்

என்பிஏ என்ற அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கில் மார்க் ஈட்டன் 1984-85 சீசனில் ஆட்டத்துக்கு 5.6 பிளாக் (எதிரணி கூடையை நோக்கி வீசிய பந்தைத் தட்டித் தடுப்பது), ரூடி கோபேர் 2023-24இல் 2.1; அதனால் தற்காப்பில் ஈட்டனே மேல் என்கிறீர்கள். அந்தக் கணக்கு தவறாகப் போகும். ஈட்டன் காலத்தில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சுமார் 3 முறைதான் தொலைவிலிருந்து மூன்று-புள்ளி வீச்சு முயன்றது, 2023-24இல் 35 முறை. கூடைக்கு அருகே வரும் பந்து குறைந்தால் பிளாக்கும் குறையும். எனவே, ஒரு வீரர் களத்தில் இருந்தபோது எதிரணி எடுத்த இரண்டு-புள்ளி முயற்சிகளில் எத்தனை சதவீதத்தைத் தடுத்தார் என்று பாருங்கள். ரீபவுண்டையும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) சதவீதமாகவே எடுங்கள்.

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம்: அணி 100 பொசெஷனுக்கு (எதிரணி கையில் பந்து இருக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசெஷன்) விட்டுக்கொடுத்த புள்ளியை அந்த ஆண்டின் லீக் சராசரியோடு ஒப்பிடுங்கள். பில் ரஸ்ஸலை மதிப்பிட வேறு வழியே இல்லை. என்பிஏ பிளாக்கைப் பதிவுசெய்யத் தொடங்கியது 1973-74இல். அவர் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார். 13 சீசனில் 11 பட்டம் என்பது அணியின் சாதனையும்கூட, அதை அப்படியே அவர் கணக்கில் எழுதக் கூடாது.

2001-02இல் வந்த தற்காப்பு மூன்று-வினாடி விதியையும் மறக்காதீர்கள். அதன்பின் ஆளை மறிக்காமல் கூடையடியிலேயே மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது.

தாக்குதலில் ஆகும் இழப்பைக் கடைசியில் கழியுங்கள். தற்காப்புக்குப் பெயர்பெற்ற பென் வாலஸின் ஃப்ரீ த்ரோ (எதிரணியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா வீச்சு) வெற்றி 41 சதவீதம்தான். நெருக்கமான ஆட்டங்களின் கடைசி நிமிடங்களில் அது உண்மையான பாரம்.