எலும்பு வலியும் மனச்சோர்வும்: எதற்கு முதலில் சிகிச்சை?

கேள்வி: எனக்கு 34 வயது. இடது தொடை எலும்பிலும் இடுப்பிலும் ஃபைப்ரஸ் டிஸ்பிளாசியா என்ற நோய் இருக்கிறது; எலும்புக்குள் நார்த்திசு வளர்ந்து அதை வலுவிழக்கச் செய்யும் நோய் அது. தொடை இரண்டு முறை முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். எக்ஸ்-ரேயில் புதிதாக எதுவும் இல்லை என்கிறார் மருத்துவர். வலி மட்டும் குறையவில்லை. சில மாதங்களாக எதிலும் நாட்டமில்லாமல் பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறேன். இப்படியே தூங்கி, எழாமலே இருந்துவிட்டால் தேவலை என்றுகூடச் சில இரவுகளில் தோன்றுகிறது. இது நோயின் களைப்பா, மனச்சோர்வா? மனநல மருந்து எடுத்தால் வலியே கற்பனை என்று சொல்லிவிடுவார்களோ? அந்த மருந்து எலும்பைப் பாதிக்குமா?

பதில்: மற்றவற்றுக்குப் போகும் முன், ‘எழாமலே இருந்துவிட்டால் தேவலை’ என்ற அந்த வரியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். நீண்டகால வலியோடு வாழும் பலருக்கு இந்த எண்ணம் வருகிறது. அதை எழுதியதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அதைத் தனியாகச் சுமக்கக் கூடாது. வீட்டில் நீங்கள் நம்பும் ஒருவரிடம் இன்றே, இதே சொற்களில் சொல்லுங்கள். வலி மாத்திரைகளை அவரிடம் கொடுத்துவைத்து, ஓரிரு நாளுக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். எண்ணம் திட்டமாக மாறுவதுபோல் தோன்றினால், எந்த நேரமானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். முன்பதிவு கிடைக்கும் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி, களைப்பா மனச்சோர்வா என்ற கேள்வி. தூக்கக் குறைவு, பசியின்மை, அசதி ஆகியவை இரண்டிலுமே வரும் என்பதால், அவற்றை வைத்து முடிவு கட்ட முடியாது. நான் வேறொன்றைக் கேட்பேன்: வலி சற்றுத் தணிந்திருக்கும் ஒரு மணி நேரத்தில், முன்பு பிடித்த ஏதாவது ஒன்றின்மீது ஆசை எழுகிறதா? உடல் மட்டும் களைத்தவருக்கு ஆசை இருக்கும், தெம்பு இருக்காது. மனச்சோர்வில் அந்த ஆசையே வற்றிவிடும். அதோடு ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்ற எண்ணமும், இனி எதுவும் மாறாது என்ற நம்பிக்கையின்மையும் சேர்ந்து, பெரும்பாலான நாட்களில் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அதை உறுதிசெய்ய வேண்டும்.

ஆனால் உங்கள் நோயில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. பாதிக்கப்பட்ட எலும்புத் திசு சிலருக்கு எஃப்.ஜி.எஃப்.23 என்ற ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும். அதனால் பாஸ்பேட் சிறுநீரில் வீணாகி, ரத்தத்தில் அதன் அளவு குறையும். எலும்பு வலி கூடுவதும் தசை தளர்வதும் அசதி அழுத்துவதும் அதன் விளைவுகள். எனவே பாஸ்பேட், வைட்டமின் டி, தைராய்டு ஆகிய மூன்றின் அளவையும் அண்மையில் பார்த்தார்களா என்று கேளுங்கள். குறை இருந்தால் அதைச் சரிசெய்யலாம். அதற்காக மனச்சோர்வுக்கான சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

‘எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை’ என்ற சொல் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. இந்த நோயில், எலும்பு எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கும் வலி எவ்வளவு என்பதற்கும் நேரான தொடர்பு இல்லை. சிறிய பாதிப்பு உள்ளவர் துடிப்பதும் உண்டு, பரவலான பாதிப்பு உள்ளவர் வலியில்லாமல் நடமாடுவதும் உண்டு. ஆகவே படம் மாறவில்லை என்பது வலி இல்லை என்பதற்குச் சான்றாகாது. அதேபோல், உங்களுக்கு மனச்சோர்வு இருக்கிறது என்பதற்காக எல்லா வலியையும் அதன் கணக்கில் எழுதவும் கூடாது. திடீரென்று கூர்மையாக வரும் வலி, இரவில் புதிதாக எழுப்பும் வலி, காலை ஊன்ற முடியாமை, வேகமாகப் பெரிதாகும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மனநல மருந்து எடுத்தால் வலி கற்பனையாகிவிடாது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் சில நரம்புப் பாதைகள் வலிச் செய்திகளை மட்டுப்படுத்துகின்றன. அவை பயன்படுத்தும் செரோடோனின், நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள்களுக்கு மனநிலையிலும் பங்கு உண்டு. டுலாக்சிட்டின் போன்ற மருந்து மனச்சோர்வுக்கும் நீண்டகால எலும்பு-தசை வலிக்கும் தரப்படுவது இதனால்தான். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். முதல் வாரத்துக் குமட்டலைப் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது பெரும்பாலும் தானாகக் குறையும். நடுவில் ஒரேயடியாக நிறுத்தவும் கூடாது.

எலும்பைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. சில மனச்சோர்வு மருந்துகளை நீண்ட நாள் எடுப்பவர்களிடம் எலும்பு முறிவு சற்று அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் சிகிச்சை பெறாத மனச்சோர்வும் எலும்புக்கு நல்லதல்ல. மாதக்கணக்கில் படுத்தே இருந்தால் தசையும் எலும்பும் வலுவிழக்கும். வலுவிழந்த கால் எளிதில் தடுமாறும். உங்கள் நிலையில் நான் சிகிச்சையின் பக்கமே நிற்பேன். மருந்தின் தொடக்க வாரங்களில் தலைசுற்றல் வரலாம் என்பதால் மெதுவாக எழுந்திருங்கள். மனச்சோர்வு மருந்து இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டிராமடால் என்ற வலி மருந்தோடு சேர்ந்தால் செரோடோனின் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

மாத்திரை ஒரு பாதிதான். வலி குறைந்த நாளில் தேங்கிய வேலை முழுவதையும் செய்துமுடித்து, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடப்பது நான் அடிக்கடி பார்க்கும் சுழல். இதை உடைக்கக் கடிகாரம் உதவும். மோசமான நாளிலும் உங்களால் எத்தனை நிமிடம் நிற்க முடியும் என்று பாருங்கள். பத்து நிமிடம் என்றால் எட்டு நிமிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள், வலி வந்தாலும் வராவிட்டாலும். நல்ல நாளிலும் அதே எட்டுதான். அது கடினம், நல்ல நாளில் இன்னும் கடினம். ஒரு வாரம் தாங்கினால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டலாம். நீச்சல், நிலையான சைக்கிள் போன்றவற்றில் உங்கள் தொடைக்கு எது பொருந்தும் என்று எலும்பு மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

அந்த நிமிடங்களில் ஒரு பங்கை உங்களுக்குப் பிடித்திருந்த எதற்காவது ஒதுக்குங்கள். ஆசை வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அது வராது. செய்யச் செய்யத்தான் திரும்பும். வலியோடு வாழ்பவர்களுக்கான அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) தரும் உளவியலாளர் கிடைத்தால் இதையெல்லாம் கைபிடித்துச் சொல்லித்தருவார்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ‘வலி குறையவில்லை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்குத் தூக்கம் கலைகிறது, எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள் என்று ஒரு வாரக் குறிப்பு எழுதிக் கொண்டுபோங்கள். மனச்சோர்வைப் பற்றி அறைக்குள் நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள். கடைசி நிமிடத்துக்கு ஒத்திப்போட்டால் அது சொல்லாமலே போய்விடும். பேச்சு வராவிட்டால் எனக்கு எழுதிய அந்த வரியையே தாளில் எழுதி நீட்டுங்கள்.