கிளைவிடும் சூரியகாந்தி என்றால் என்ன? பூ வெட்டவும் தேனீக்கு விடவும் விதையிலிருந்து எப்படி வளர்ப்பது?

எண்ணெய்க்காக வயலில் போடும் சூரியகாந்தி ஒற்றைத் தண்டில் ஒரே பெரிய பூவோடு நிற்கும். கிளைவிடும் ரகம் இலைக் கணுக்களிலிருந்தெல்லாம் கிளைத்து, சிறு சிறு பூக்களாக வாரக்கணக்கில் பூக்கும்.

காரணம் நுனி மொட்டில் இருக்கிறது. அங்கே சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். கிளைவிடும் ரகங்களில் பிறவியிலேயே இந்த அடக்குமுறை தளர்வு. முருங்கையின் நுனியை ஒடித்துவிட்டால் பக்கவாட்டில் தழைக்குமே, அந்தக் கதைதான். இங்கே ஒடிக்காமலே நடக்கிறது.

நாற்று விட்டுப் பிடுங்கி நடுவதைவிட நேரடியாக விதைப்பதே மேல், வேர் கலைவது இதற்குப் பிடிக்காது. நல்ல வெயில் படும் இடத்தில் விரல் கணு ஆழத்தில் ஊன்றி, செடிக்குச் செடி ஒன்றரை அடியாவது விடுங்கள். முளைத்ததும் அணில், கிளி வரும்; பழைய வலை ஒன்றைப் போர்த்திவிட்டால் போதும்.

ரகம் வாங்கும்போதுதான் கவனம். பூக்கடைக்கென்று உருவாக்கியவை பல மகரந்தம் இல்லாதவை. மேசைத் துணியில் மஞ்சள் பொடி கொட்டாது, சரி. ஆனால் தேனீக்குத் தேன் மட்டுமே கிடைக்கும், குஞ்சுக்கு ஊட்ட மகரந்தம் கிடைக்காது. இரண்டுக்கும் வேண்டுமென்றால் ‘லெமன் குவீன்’ போல மகரந்தமுள்ளதாகப் பாருங்கள். இதழ்கள் நடுவட்டத்தை விட்டு நிமிரத் தொடங்கும் காலைவேளையில் வெட்டுங்கள், அப்புறம் உடனே தண்ணீரில்.

எந்தச் சூரியகாந்தியின் நுனியைக் கிள்ளினாலும் கிளைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒற்றைத்தண்டு ரகத்தைக் கிள்ளினால் பெரும்பாலும் இருந்த ஒரு பூவும் போய்விடும்.