பிளம்ஸ் பறிக்க ஏற்ற பருவம் எது?

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பிளம்ஸ் மரம் ஒன்று உள்ளது. பறவைகளுக்கும் வௌவால்களுக்கும் பயந்து, பாதி சிவந்ததுமே பறித்து வைக்கிறோம். சில நாட்களில் முழுக்கச் சிவந்து கனிந்துவிடுகின்றன. ஆனால் இனிப்பே இல்லை. என்ன செய்வது?

பதில்: பறித்த பிறகும் பிளம்ஸுக்கு நிறம் ஏறும், மணம் கூடும், சதை இளகும், இனிப்பு மட்டும் கூடாது. வாழைக்காயிலும் மாங்காயிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து, பறித்த பின் சர்க்கரையாக மாறுகிறது. பிளம்ஸ் காயில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. இலைகளில் உருவாகும் சார்பிட்டால், சுக்ரோஸ் ஆகிய இனிப்புப் பொருட்கள் காம்பு வழியாக வந்து சேர வேண்டும். காம்பைக் கிள்ளியதும் அந்த வரத்து நின்றுவிடுகிறது. அதன் பின் காயில் சுரக்கும் எத்திலீன் என்னும் கனியவைக்கும் வாயு, சதையை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டினைச் சிதையத் தூண்டிச் சதையை இளக்குகிறது. புளிப்பைத் தரும் மாலிக் அமிலமும் குறைவதால் புளிப்பு சற்றுத் தணிகிறது, அவ்வளவுதான்.

பூ உதிர்ந்ததும் விரைவாகப் பெருக்கும் காய், கொட்டை கெட்டிப்படும் காலத்தில் ஏறக்குறைய அப்படியே நின்று, பறிப்புக்கு முந்தைய சில வாரங்களில் மீண்டும் வேகமாகப் பெருக்கிறது. சர்க்கரை பெருமளவு வந்து சேர்வதும் அப்போதுதான். நீங்கள் இழப்பது அந்தக் கடைசி வாரங்களை.

தோலின் சிவப்பை நம்ப வேண்டாம். சில ரகங்கள் முதிர்வதற்கு வெகு முன்பே சிவந்துவிடும். சிவப்புக்கு அடியில் உள்ள நிறத்தை, குறிப்பாகக் காம்புக் குழியைச் சுற்றிலும் வெயில் படாத பக்கத்திலும் பாருங்கள். அங்கே பச்சை வெளுத்து மஞ்சள் ஓடியிருந்து, காம்புக்கு எதிர்முனையைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தும்போது சற்றே நெகிழ்ந்து கொடுத்தால், அதுவே பறிக்கும் பருவம். வெயில் படும் மேற்கிளைகள் முந்திக்கொள்ளும் என்பதால், சில நாள் இடைவெளியில் மூன்று நான்கு தடவையாகப் பறிப்பதே முறை. அதுவரை மரத்துக்கு வலை போடுங்கள். அவசரப் பறிப்பை விட வலைக்கான செலவு எவ்வளவோ மேல்.

பறித்தவற்றை, மேலே படிந்திருக்கும் வெண்பொடி போன்ற மெழுகைத் துடைக்காமல், ஒரே அடுக்காகப் பரப்பி அறை வெப்பத்தில் வையுங்கள். விரைவாகக் கனிய வேண்டுமானால், பழுத்த வாழைப்பழம் ஒன்றுடன் காகிதப் பையில் இட்டு மூடலாம். ஷிரோ, ஏஞ்சலினோ போன்ற ரகங்கள் தாமாக எத்திலீனைக் குறைவாகவே சுரப்பதால், அவற்றுக்கு இது நன்றாக உதவும். கால்சியம் கார்பைடு கல்லை நாடவே கூடாது. அது சட்டப்படி தடை செய்யப்பட்டது, சர்க்கரையையும் கூட்டாது. கனியாத காய்களைக் குளிர்சாதனப் பெட்டியில் வாரக்கணக்கில் வைப்பதும் தவறு. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் நெடுநாள் இருந்தால் சதை பழுப்பேறி மாவு போல் ஆகிவிடும். கனிந்த பழங்களைச் சில நாட்கள் வைக்கலாம்.

ஏற்கெனவே பறித்துவிட்ட புளிப்புக் காய்களை ஜாமுக்குப் பயன்படுத்துங்கள். பெக்டினும் அமிலமும் மிகுந்திருப்பதால், கனிந்த பழத்தை விட அவற்றில் ஜாம் நன்றாக இறுகும்.