தராசு வராத ஆட்டுச் சந்தை

கேள்வி: கறிக்கடைத் தொழிலை நவீனமாக்கினால் நாட்டுக்குக் கோடிக்கணக்கில் வருமானம் வரும் என்கிறார்கள். ஆடுகள் நிறைந்த நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியில் ஏற்றுமதித் தரத்தில் ஓர் இறைச்சிக்கூடம் கட்டினால் விவசாயி பிழைத்துக்கொள்ள மாட்டாரா? கண்ணெதிரே வெட்டிய கறியைத் தவிர வேறு கறியை நம் மக்கள் வாங்குவார்களா?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: கட்டடத்தைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் குந்தாரப்பள்ளி ஆட்டுச் சந்தைக்குப் போய் வாருங்கள். ஆட்டின் முதுகுத்தண்டை விரலால் அழுத்தி, இடுப்பை ஒரு பிடி பிடித்து, முன்னே தூக்கிப் பார்த்து, இதில் இத்தனை கிலோ கறி விழும் என்று தரகர் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் பழைய வழக்கம் இருக்கும் சந்தைகளில், ஆட்டை வளர்த்துக் கொண்டுவந்தவருக்கு அந்தத் துண்டுக்குள் என்ன நடந்தது என்பதுகூடத் தெரியாது.

இருபது கிலோ உயிர் எடையுள்ள ஆட்டில் ஒன்பது முதல் பத்துக் கிலோ வரை கறி கிடைக்கும். கண் மதிப்பில் உயிர் எடை இரண்டு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கறி போயிற்று. கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பத்து ஆடு விற்கும் குடும்பம் 8,000 ரூபாயைச் சந்தையிலேயே விட்டுவிட்டு வருகிறது. தரகரின் கை தேர்ந்த கைதான். ஆனால் அந்தத் தேர்ச்சி வளர்த்தவருக்காக வேலை செய்வதில்லை. அதே குடும்பம் காலையில் ஊற்றும் பாலுக்குக் கொழுப்பையும் இதரச் சத்தையும் அளந்து விலை போடுகிறார்கள். கறிக்கோழிக்குப் பல்லடத்தில் உயிர் எடைக்கு விலை அறிவிக்கிறார்கள். ஆட்டுக்கு மட்டும் தராசு இன்னும் வந்து சேரவில்லை.

நாட்டின் இறைச்சி உற்பத்தி 2023-24இல் ஒரு கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அதில் ஏறத்தாழ பாதி கோழி. பெருமளவு ஒழுங்குபட்டுவிட்ட தொழில் அது. ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் ஈட்டித்தரும் எருமை இறைச்சி ஏற்றுமதிக்குப் பெரிய ஆலைகள் இருக்கின்றன. வெள்ளாடும் செம்மறியும் சேர்ந்த கால் பங்குதான் இன்றும் பாலத்தடியிலும் புளியமரத்தடியிலும் தொங்குகிறது. ஆட்டிறைச்சி ஏற்றுமதி இதுவரை பெரிதாக வளராததில் வியப்பில்லை, நம் ஊரிலேயே இவ்வளவு விலை கிடைக்கும்போது அதைக் கப்பலேற்ற யார் முன்வருவார்? ஆகவே நம் மாவட்டத்துக்கான கணக்கை வளைகுடாவை நம்பிப் போடாமல், தொண்ணூறு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பெங்களூரை வைத்துப் போடலாம். உகாதிக்கு மறுநாள் அங்கே கறி வாங்க நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

இங்கிருந்து உயிர் ஆடாக லாரியில் ஏறும்போது வழியிலேயே எடை குறைகிறது. அதோடு தோலும், உரிப்பவர் கூலியும், குடல் கழுவுபவர் கூலியும் வெளியூருக்குப் போய்விடுகின்றன. இங்கேயே அறுத்து, குளிரூட்டிய வண்டியில் கறியை அனுப்பினால் அவை இங்கே தங்கும். உபபொருள்களில் பெரும் பணம் இருப்பதாக ஆலோசகர்கள் சொல்வதில் ஒரு திருத்தம்: தலை, கால், குடல், சுவரொட்டி எனும் மண்ணீரல், ரத்தம் எதையும் நம் ஊரில் வீணாக்குவதில்லை, ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மேல் போய் ஈரல் கேட்டுப் பாருங்கள். வீணாவது தோல்தான். தருமபுரியிலும் வளரும் மேச்சேரிச் செம்மறியின் தோலுக்குப் பதனிடுவோரிடம் தனி மதிப்பு உண்டு. பதனிடும் வாணியம்பாடியும் ஆம்பூரும் நமக்குப் பக்கத்து ஊர்கள். ஆனால் உரிக்கும்போது கத்தி சற்று வழுக்கினாலே தோலின் தரம் இறங்கிவிடும். சில மணி நேரத்துக்குள் உப்புப் போடாவிட்டால் அழுகத் தொடங்கும். வாரத்துக்கு மூன்று ஆடு அறுக்கும் கடைக்காரரிடம் மூன்று தோலுக்காக எந்த வியாபாரி வருவார்? தோல் சாக்கடைக்குப் போகிறது. நீர்க்கட்டி விழுந்த ஈரல் கடை வாசலில் காத்திருக்கும் நாய்க்குப் போகிறது. அந்த நாயின் மலத்திலிருந்து நாடாப்புழு முட்டை மேய்ச்சல் நிலத்துக்கும், அங்கிருந்து மறுபடி ஆட்டுக்கும், சில வேளைகளில் மனிதரின் ஈரலுக்கும் வந்து சேர்கிறது. இந்த மருத்துவச் செலவை எந்தத் திட்ட அறிக்கையிலும் நான் கண்டதில்லை.

இதற்குப் பெரிய ஆலை வேண்டியதில்லை. ஊருக்கு ஒன்றாக, நாளுக்கு முப்பது நாற்பது ஆடு அறுக்கும் அளவில், தண்ணீரும் வடிகாலும் தொங்கவிடும் கொக்கிகளும் தோலுக்கு உப்பிடும் அறையும் உள்ள கூடம் போதும். 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் ஒரு கால்நடை மருத்துவர் மணிக்குப் பன்னிரண்டு விலங்குகளுக்கு மேல் சோதிக்கக் கூடாது என்கின்றன. முப்பது நாற்பது ஆடுகளை ஒரே மருத்துவர் காலை வேளையிலேயே சோதித்து முடித்துவிடலாம். சினை ஆட்டை அறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உண்டு. கைமுடைக்காகச் சந்தைக்கு வரும் சினை ஆட்டை அங்கே அடையாளம் கண்டு திருப்பினால் மந்தையும் பெருகும். கடன் வேண்டுமானால், 2020இல் மத்திய அரசு அறிவித்த 15,000 கோடி ரூபாய் கால்நடை உட்கட்டமைப்பு நிதியில் இறைச்சிப் பதப்படுத்தலுக்கும் 3 சதவீத வட்டிச் சலுகை அறிவிக்கப்பட்டது. கடைக்காரர் ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அறுத்துக்கொண்டு தம் கடையிலேயே விற்கட்டும். அவரை விரட்டிவிட்டுக் கண்ணாடிக் கதவு போட்ட கறிக்கடை வைப்பதற்கு நவீனம் என்று பெயர் சூட்ட வேண்டாம்.

பெரிய ஆலை ஒன்று வந்தால் விவசாயி பிழைத்துக்கொள்வார் என்று காவேரிப்பட்டணத்துக்காரரான நீங்களே எழுதியிருப்பதுதான் எனக்கு வியப்பு. உங்கள் ஊரைச் சுற்றி மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன. விளைச்சல் கூடிய ஆண்டில் பெங்களூரா ரக மாங்காய்க்கு விலை சொல்வது யார் என்று ஒரு தோப்புக்காரரைக் கேளுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கிடாக்கறிதான் என்று காட்ட விதையை ஒட்டவிட்டே கடைக்காரர் உடலைத் தொங்கவிடுகிறார். வாங்குபவருக்கு இன்று கிடைக்கும் ஒரே முத்திரை அதுதான், கண்ணெதிரே வெட்டச் சொல்வதும் அதனால்தான். மருத்துவரின் முத்திரை நம்பும்படி இருந்தால் அந்தப் பிடிவாதம் தளரும். வெட்டிய சில மணி நேரத்தில் தசை விறைத்துவிடுகிறது. விடியலில் வாங்கிய கறி பத்து மணிக்குக் குக்கரில் எத்தனை விசில் கேட்கிறது என்பது உங்கள் வீட்டாருக்குத் தெரியும். குளிரில் ஒரு நாள் தொங்கிய கறி இளகியிருக்கும். முதலில் அதை ஓட்டல்காரர்கள் வாங்குவார்கள், வீடுகள் பின்னால் வரும்.

சந்தையில் சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி ஏலம் விடுகிறது. குத்தகைதாரர் ஆட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார். வசூலிப்பவரே உயிர் எடை மேடை ஒன்று வைத்து, எடைச் சீட்டும் தர வேண்டும் என்று ஏல நிபந்தனையில் சேர்ப்பதற்குக் கோடிகள் தேவையில்லை. அடுத்த ஏல அறிவிப்பு ஒட்டப்படும்போது, அதில் அந்த நிபந்தனை இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.