ஆகஸ்ட் 15-இல் பாண்டிச்சேரி

ஒரு வட்டாரத்தின் வரலாற்றை ஒரே ஒரு தேதியை வைத்துச் சொல்லிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பாண்டிக்கு முடியும். ஆகஸ்ட் 15. 1947-இல் அன்று எங்களுக்குச் சுதந்திரம் வரவில்லை.

கடலூரிலும் விழுப்புரத்திலும் மூவண்ணக் கொடி ஏறிய அன்று புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் நான்கும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தன. வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், புதுச்சேரி ஒரே துண்டாக இருக்காது. பாகூர் ஒரு பக்கம், திருக்கனூர் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். ஊடே தமிழ்நாட்டு ஊர்கள். இன்றும் பஸ்ஸில் போனால் எல்லை மாறி மாறி வரும் (சாராயக் கடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்). அன்றைக்கு அது இரண்டு நாடுகளின் எல்லை.

அதே நாள் அரவிந்தரின் 75-ஆவது பிறந்தநாளும்கூட. பிரிட்டிஷ்காரர்களின் கெடுபிடிக்குத் தப்பி 1908-இல் பாரதியும் 1910-இல் அரவிந்தரும் இங்கே வந்தார்கள். அவர்களுக்கு அடைக்கலமாக இருந்த அதே பிரெஞ்சுக் கொடிதான் 1947-இல் எங்களுக்கு விலங்கானது. சுதந்திரத்துக்காக அரவிந்தர் எழுதிக் கொடுத்த செய்தியை ஒலிபரப்பியது, எல்லைக்கு அப்பால் இருந்த திருச்சி வானொலி. இப்போதும் ஆகஸ்ட் 15 காலையில் கடற்கரைச் சாலையில் முதலமைச்சர் கொடியேற்றி அணிவகுப்பு நடக்கும். நாலு தெரு தள்ளி ஆசிரமத்தில் அரவிந்தரின் அறையைப் பார்க்கப் பெரிய வரிசை நிற்கும். இரண்டுக்கும் சேர்த்துப் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள், பைக்கில் அந்தப் பக்கம் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சொன்னார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. ஆனால் இணைப்பு ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டுமே! அல்ஜீரியப் போரெல்லாம் முடிந்து 1962-இல்தான் தந்தது. இரு நாடுகளும் ஒப்புதல் பத்திரம் மாற்றிக்கொண்ட நாள் ஆகஸ்ட் 16. சரியாக ஒரு நாள் தள்ளி.

ஆகவே எங்களுக்கு 15-உம் லீவு, 16-உம் லீவு, நவம்பர் 1-உம் லீவு. என்னைக் கேட்டால் நவம்பர் 1-தான் உண்மையான விடுதலை நாள்; 16 வெறும் காகித நாள். அரசாங்கம் நவம்பர் 1-ஐ விடுதலை நாளாகக் கொண்டாடத் தொடங்கியது 2014-இல்தான்.

ஆனால் அந்தக் காகிதம் பல குடும்பங்களின் தலையெழுத்தையே மாற்றியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று அந்த ஒப்பந்தத்தில் இருந்தது. கொடுத்தவர்களின் வாரிசுகள் இன்றும் பாண்டியிலிருந்தே பிரான்சின் அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுகிறார்கள். அண்ணன் எழுதிக் கொடுத்து, தம்பி கொடுக்காமல் விட்ட வீடுகளும் உண்டு. தம்பி வழிப் பேரன்கள் கல்யாண வீடுகளில் இதைச் சொல்லிப் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன்.