ஆறு ஏக்கர் முழுவதும் எலுமிச்சை நடலாமா?

கேள்வி: எங்கள் ஆறு ஏக்கர் நிலத்தில் மேட்டுப் பகுதி சரளை கலந்த செம்மண்; தாழ்வான பகுதி கோடையில் வெடித்துப் பிளக்கும் கரிசல். வட்டார மண் வரைபடம் நிலம் முழுவதையும் ‘பழப்பயிருக்கு ஏற்றது’ என்று ஒரே நிறத்தில் காட்டுகிறது. பல இடங்களில் மேல்மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து பரிசோதித்ததில் கார அமில நிலை 8.3, மின் கடத்துதிறன் (மண்ணின் உப்பைக் காட்டும் அளவு) 0.4, அங்ககக் கரிமம் குறைவு என்று முடிவு வந்துள்ளது. இதை நம்பி முழுவதும் எலுமிச்சை நடலாமா?

பதில்: இப்போதைக்கு நட வேண்டாம். உங்கள் கையில் உள்ள இரண்டு சான்றுகளும் பொய்யானவை அல்ல. ஆனால் மரப்பயிர் பற்றிய முடிவை எடுக்க அவை போதா.

வட்டார அளவிலான மண் வரைபடம் பெரும்பரப்பைத் திட்டமிடுவதற்காக வரையப்படுவது. 1:50,000 அளவுள்ள வரைபடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் என்பது தரையில் 25 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 62 ஏக்கர். உங்கள் நிலம் அதில் பத்தில் ஒரு பங்குதான். அந்த நிறம் அப்பகுதியில் மிகுந்திருக்கும் மண்வகையைக் குறிக்கிறதே தவிர, அதற்குள் திட்டுத் திட்டாகக் கிடக்கும் வேறு மண்களைக் காட்டுவதில்லை. பரிசோதனை முடிவிலோ வேறொரு சிக்கல் இருக்கிறது. செம்மண்ணையும் கரிசலையும் கலந்து ஆய்வு செய்யும்போது கிடைக்கும் சராசரி, அவ்விரண்டில் எதற்கும் உரியதாகாது. மேலும், வழக்கமான மாதிரி மேல் 15 சென்டிமீட்டர் மண்ணை மட்டுமே சொல்கிறது. மரமோ பல ஆண்டுகள் அதற்குக் கீழேயும் வேரோட்டி வாழ வேண்டியது.

ஆகவே முதலில் மேட்டில் ஒன்றும் தாழ்வில் ஒன்றுமாக ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் சுவரைப் பொறுமையாகப் பாருங்கள். ஏற்கெனவே வளர்ந்துள்ள செடிகொடிகளின் வேர்கள் எந்த ஆழத்தில் நின்றுவிடுகின்றன, பாறையோ சுக்கானோ (சுண்ணாம்புக் கட்டிகள்) இறுகிய களிமண் அடுக்கோ எங்கே தொடங்குகிறது என்பவை அங்கே தெரிந்துவிடும். சாம்பல் நிறமும் துருநிறப் புள்ளிகளும் கலந்து தெரிந்தால், ஆண்டின் ஒரு பகுதியில் அந்த ஆழத்தில் நீர் தேங்குகிறது என்று பொருள். காற்று கிடைக்காத நிலையில் மண்ணிலுள்ள இரும்பு அடையும் மாற்றமே அந்த நிறங்கள். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலால் நாடாபோல் தள்ளிப் பாருங்கள். நாடா ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அறுபடாமல் நீண்டால் அது களிமண். இரண்டரை சென்டிமீட்டருக்குள் அறுந்தால் இருபொறை (மணலும் களியும் கலந்த மண்) வகையைச் சேர்ந்தது. நாடாவே வராவிட்டால் மணல். வடிகாலை அறிய 30 சென்டிமீட்டர் ஆழக் குழியில் நீர் ஊற்றி, அது வடிந்தபின் மீண்டும் நிரப்பி அளந்து பாருங்கள்: மணிக்கு 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவாக இறங்கும் இடம் எலுமிச்சைக்கு ஆபத்தானது, ஏனெனில் நீர் தேங்கினால் அதன் வேர் எளிதில் அழுகும்.

8.3 என்ற கார நிலையைப் பார்த்ததும் கந்தகம் இட்டுக் குறைத்துவிடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில சொட்டுகளை மண்ணில் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. ஓர் ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணில் ஒரு விழுக்காடு சுண்ணாம்பு என்றாலே அது சுமார் 9 டன். அது கரைந்து தீரும்வரை காரம் குறையாது; முழுவதும் கரைக்கக் கிட்டத்தட்ட 3 டன் கந்தகம் வேண்டும், அதுவும் மேல்மண்ணுக்கு மட்டும். இத்தகைய நிலத்தில் எலுமிச்சையின் இளந்தளிர், நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி வெளுத்து நிற்கும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாததால் வரும் குறை அது. ஆண்டுதோறும் நுண்ணூட்டம் தெளித்துச் சமாளிக்கலாம் என்றாலும், தோட்டம் முழுவதையும் அந்தச் செலவில் நிறுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1976இல் வெளியிட்ட நில மதிப்பீட்டு முறை, ஒரு நிலத்தை ஒரு குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு ஏற்றதா என்றே மதிப்பிடுகிறது. பொதுவாக ‘நல்ல நிலம்’ என்ற பேச்சுக்கு அதில் இடமில்லை. அம்முறையைப் பின்பற்றுவோர் பலரும் இருப்பதிலேயே பெரிய குறைக்கு அதிக எடை தருகிறார்கள். உங்கள் அங்ககக் கரிமக் குறைவைத் தொழு உரமும் பசுந்தாள் உரமும் சில ஆண்டுகளில் ஓரளவு சரிசெய்யும். மண்ணின் ஆழத்தையும் களியின் அளவையும் எந்த உரமும் மாற்றாது.

மேட்டில் ஒரு மீட்டர் வரை தடையின்றி, சுண்ணாம்பும் குறைவாக இருந்தால், அங்கே மட்டும் எலுமிச்சை நடலாம். சரளை நீரைத் தேக்காது என்பதால் சிறு அளவில் அடிக்கடி பாசனம் தர வேண்டியிருக்கும். கரிசலை மரத்துக்கு ஒதுக்காதீர்கள். காயும்போது விழும் வெடிப்புகள் வேர்களை அறுக்கும். ஆனால் அதே மண் சேமித்து வைக்கும் ஈரத்திலேயே பருத்தி, சோளம், கொண்டைக்கடலை ஆகியவை நன்கு விளையும்.

புதிய மாதிரிகளை இரு பகுதிகளுக்கும் தனித்தனியாக, 30 சென்டிமீட்டருக்கு ஓர் அடுக்காக 90 சென்டிமீட்டர் வரை எடுத்து, பாசன நீர் மாதிரியுடன் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மின் கடத்துதிறனை எந்த முறையில் அளந்தார்கள் என்றும் கேளுங்கள்: உவர் நிலத்துக்குச் சொல்லப்படும் மீட்டருக்கு 4 டெசிசைமன் என்ற எல்லை, நீர் பூரித்த மண்குழம்பின் சாற்றுக்கு உரியது; மண்ணில் கூடுதல் நீர் சேர்த்து அளந்தால் எண் குறைவாகவே வரும். கரிசலில் செங்குத்தாக வெட்டிய குழி சட்டென்று சரியக்கூடும். இறங்கும் பக்கத்தைப் படிபோல் வெட்டி, மேலே ஓர் ஆள் நிற்கும்போது மட்டும் உள்ளே இறங்குங்கள்.